பக்கத்து மாநிலத்துச் சட்டமும் அம்மாவின் கல்லறை எண்ணும்

நான் சட்டம் பேசினால் என் வீட்டில் யாரும் மதிப்பதில்லை. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அப்பா பால்மரம் சீவிய தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது, தோட்டத்து மயானத்தையும் எடுத்துவிட்டார்கள். கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றப்போவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்ததாம். (அன்று நாங்கள் விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்தியிருப்போம்.) அம்மாவும் அங்கேதான் இருந்தார். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு புதிய மயானத்துக்குப் போனால், வரிசை வரிசையாக எண் போட்ட கற்கள். பெயர் கிடையாது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் நகராண்மைக் கழகத்தில் இருக்கிறது என்றார்கள். அப்பாவுக்கு வேண்டியது ஒரே ஓர் எண். நாளைக்குத் தனக்கும் அவள் பக்கத்தில் இடம் வேண்டும் என்பது அவர் ஆசை.

போய்க் கேட்டோம். மற்றவர்கள் பெயரும் இருப்பதால் தர முடியாது என்றார்கள்.

விடுவேனா? நீலாய் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும், தினமும் மாநில எல்லை தாண்டி வரும் காஜாங்காரர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின் நகலைக் கொடுத்தார். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீடு உண்டு என்றெல்லாம் இருந்தது. மஞ்சள் மையால் கோடு போட்டு மனப்பாடம் செய்தேன். (எஸ்பிஎம் தேர்வுக்கு இப்படிப் படித்திருந்தால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.)

மறுபடி நகராண்மைக் கழகத்துக்குப் போனோம். அப்பா ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கவுண்டரில் நல்ல கூட்டம். நான் மலாயில் முழங்கினேன். வரிசையே வாயை மூடிக்கொண்டு கேட்டது. உள்ளேயிருந்து வந்த தமிழ் அதிகாரி தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார்.

"அண்ணே, இது சிலாங்கூர் சட்டம்லா."

"சரி, அதனால?"

"நம்ம மாநிலத்துல இந்த மாதிரி சட்டம் இன்னும் இல்லண்ணே. நீங்க கேக்கலாம். நாங்க குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க."

அந்தப் பக்கத்தில் மட்டும் நான் கோடு போடவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அப்பா முன்னால் வந்தார். "தம்பி, பட்டியல் வேணாம்பா. அவ நம்பர மட்டும் சொல்லுப்பா."

மேலிடத்து அனுமதி இல்லாமல் ஓர் எண்ணைக்கூடச் சொல்ல முடியாது என்றார் அதிகாரி. சட்டமன்ற உறுப்பினருக்கு மனு போடச் சொன்னார். அதையும் போட்டோம். பதில் வரவில்லை.

அதன்பிறகு அப்பா கல்யாணம், காதுகுத்து, கோயில் வாசல் எதையும் விடவில்லை. "எம்மவன் பக்கத்து மாநிலத்துச் சட்டத்தத் தூக்கிட்டு வந்து இங்க சண்ட போட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு மானமே போகும். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. கேட்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எண் கிடைத்ததா என்று அவரைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

போன வருடம் அப்பா இறந்தார். அதே மயானத்தில், காலியாக இருந்த ஓரத்தில் அடக்கம் செய்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போதும் நான் எதையாவது அடித்துப் பேசினால் என் மகள் "எந்த மாநிலத்துச் சட்டம்பா?" என்கிறாள்.

அப்பாவிடமிருந்து அம்மா எத்தனை அடி தள்ளி இருக்கிறார் என்று எனக்கு இன்னும் தெரியாது.