பதினாலாம் நம்பர் வீடும் பிளாஸ்டிக் பை பற்றிய அபிப்பிராயமும்

வீடு எண் 14, புளியமரத்து லைன்,
பாலகாட், கே.ஜி.எஃப்.
19.8.2001, ஞாயிறு

மதிப்புக்குரிய மச்சான் வெங்கடசாமி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் பெருமாள் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை ஜெயம்மாவும் நலமாக இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறேன். உண்மை நிலவரம் பின்னால் வருகிறது. அங்கு உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன். நீங்கள் கோலாரில் சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் பேப்பரோடு புழங்கி ரிட்டயர் ஆனவர். எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடலாம், எதில் போடக்கூடாது என்று நம் குடும்பத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். விஷயம் பிளாஸ்டிக் பை. தயவுசெய்து சிரிக்காதீர்கள். அதை வைத்து எங்கள் வீட்டையே பிடுங்கப்போகிறார்கள் என்று எனக்குப் பலமான சந்தேகம்.

பத்து நாளைக்கு முன் லைனுக்குள் ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு நகரசபை தடை போடுகிறதாம், அதற்கு முன் வீடு வீடாக வந்து பொதுமக்களின் அபிப்பிராயம் கேட்கப்படுமாம். முதலில் கன்னடத்தில் சொன்னார்கள், பிறகு தமிழில் சொன்னார்கள், இரண்டு தரமும் அந்த அபிப்பிராயம் என்ற இடத்தில்தான் என் காது நின்றது. நம்மிடம் யார் எப்போது அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள்? நூறு வருஷத்துக்கு மேல் ஓடின தங்க மைன்ஸை மார்ச் மாதம் மூடினார்கள். பெருமாளு, உன் அபிப்பிராயம் இன்னா என்று ஒருத்தர் கேட்கவில்லை. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் என்று ஆனபோதும் கேட்கவில்லை. ஆட்டுக்கறி வாங்கி வருகிற கவருக்கு மட்டும் வீடு தேடி வந்து கேட்பார்களாம். கடைசி இருபத்தாறு வருஷம் சுரங்கத்து ஷாஃப்ட் கேட்டில் நின்று, ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிற ஒவ்வொருத்தரையும் தடவிப் பார்த்து, பூட்ஸை உதறச் சொல்லி, டிபன் கேரியரைத் திறந்து பார்த்து, தங்கக் கல் வெளியே போகாமல் காவல் காத்தவன் நான். கேரியரின் அடித்தட்டில் கல்லை வைத்திருக்கிறவன், கேட்பதற்கு முன்னாலேயே மேல்தட்டைத் திறந்து மீதிச் சோற்றைக் காட்டுவான். நகரசபை காட்டுகிற மேல்தட்டு இந்த பிளாஸ்டிக் பை. அடித்தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

போன திங்கட்கிழமை வந்தார்கள். எங்கள் வார்டு மெம்பர் இசபெல்லா, அவள் கூட நகரசபை ஆள் ஒருத்தர், கையில் நீளமான ஒரு ரெஜிஸ்டர். இசபெல்லா வேறு யாரும் இல்லை, சுரங்கத்துக்குள் மரம் வைத்து முட்டுக்கொடுக்கிற டிம்பர்மேன் சிரிலின் பெண். சிரிலை ஆயிரக்கணக்கான தரம் தடவிப் பார்த்திருக்கிறேன், ஒரு பொடிக்கல்கூட அகப்பட்டதில்லை. அந்தப் பெண் வாசலில் நின்று, “வணக்கம் பெரியப்பா, நல்லா கீறீங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் உங்க நேரத்த எடுத்துக்கலாங்களா?” என்றாள். மச்சான், மரியாதையாகப் பேசினால் எனக்கு இப்போதெல்லாம் பயம். பிப்ரவரியில் இப்படித்தான் ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீயும் கிரீம் பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு அதிகாரி என்னை “பெருமாள் அவர்களே” என்றார். அதுவரை என்னை அவர்களே என்று யாரும் கூப்பிட்டதில்லை, நீங்கள் உட்பட. அந்தப் பூரிப்பில் ஒரு வரிகூடப் படிக்காமல் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். டீ ஆறுவதற்குள் வேலை போயிருந்தது. ஊரையெல்லாம் சோதித்தவன் தன் கையில் கொடுத்த பேப்பரைச் சோதிக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

ஆகவே இந்தத் தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெஜிஸ்டரைப் பார்த்தேன். முதல் கட்டம் பெயர். அடுத்தது வீட்டு எண். அதற்கடுத்தது இந்த வீட்டில் எத்தனை வருஷமாகக் குடியிருப்பு. பிறகு வீட்டில் எத்தனை பேர். இதெல்லாம் முடிந்து, ஓரத்தில் ஒரு புளியங்கொட்டை அகலத்துக்கு, பிளாஸ்டிக் பைக்குத் தடை வேண்டுமா வேண்டாமா. அதற்குப் பக்கத்தில் கையெழுத்து. பையைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கு நான் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன் என்ற கணக்கு எதற்கு? வீடு கம்பெனி வீடு. மைன்ஸே போன பிறகு இதில் இருக்கிறவன் இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்று இந்த லைனில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே தினமும் சோறு வடிக்கிறோம். நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்த நகரசபை ஆள் தலையைத் தூக்கி எங்கள் கூரையைப் பார்த்தார். தகரத்தில் ஓட்டை உள்ள இடமெல்லாம் ஜெயம்மா கவர்களைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறாள், ஒழுகாமல் இருக்க. “ஏனம்மா, மேலே எல்லாம் பிளாஸ்டிக்கே இதெயல்லா!” என்று, மேலே எல்லாம் பிளாஸ்டிக்தானே என்பதைக் கன்னடத்தில் சொல்லி, சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே குறிக்கிறவரை நம்பலாமா, நீங்களே சொல்லுங்கள். “யோசிச்சு சொல்றேன்” என்று கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு காப்பித் தம்ளரோடு வந்த உங்கள் தங்கை, “வந்தவங்க வாயி நனையறதுக்குள்ள கதவ சாத்துறியே, நீ இன்னும் கேட்டாண்டயே நின்னுகினு கீறியா?” என்று கத்தினாள். அந்தக் காப்பி இரண்டையும் நானே குடித்தேன்.

பக்கத்து வீட்டு சாம்ராஜ் என்னோடு ஒன்பது வருஷமாகப் பேசாதவன். ஒருதரம் எல்லார் முன்னாலும் அவன் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன், சாக்ஸில் இருந்த ஓட்டையைப் பார்த்து ஷிப்ட்டே சிரித்துவிட்டது, அன்றிலிருந்து கோபம். ஆனாலும் வீட்டு விஷயமாயிற்றே என்று நானே வலியப் போய், “டேய் சாம்ராஜ், அந்த ரெஜிஸ்டர்ல சைன் கீன் போட்டுடாத. வூடு பூடும்” என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான். சாயங்காலம் குழாயடிக்குப் போன ஜெயம்மா குடத்தைக்கூட இறக்காமல் ஓடி வந்தாள். “எந்த வூட்ல பத்து கவருக்கு மேல கீதோ, அந்த வூட்ட காலி பண்ண சொல்லப்போறாங்களாம்!” யார் சொன்னது என்று கேட்டால், “நீதான் சொன்னியாமே, லைனே சொல்லுது” என்கிறாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மச்சான், இருபது வீட்டுக்காரர்களும் சொல்கிறார்களே என்று எனக்கே பயம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மெத்தைக்கு அடியில் மட்டும் இருநூறு கவர் இருக்கும்.

அடுத்த நாள் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. சோதனை வருவதற்குள் கவரையெல்லாம் ஒழிக்க வேண்டும் என்று லைன் முழுக்க ஒரே பரபரப்பு. எரித்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், குப்பையில் போட்டால் யார் வீட்டுக் கவர் என்று கடைப் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், அதனால் அவரவர் தனித்தனியாக யோசித்து, எல்லாரும் ஒரே இடத்தில், பின்பக்கச் சாக்கடையில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். நானும்தான். ஜெயம்மா இன்னும் ஒரு படி மேலே போய், நகரசபை ஆள் நோட்டில் குறித்துக்கொண்டாரே என்று ஸ்டூல் போட்டு ஏறி, கூரையில் அடைத்திருந்த கவரையெல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. எங்களுடையது லைனின் பள்ளத்தில் கடைசி வீடு என்பது உங்களுக்குத் தெரியும். அடைத்த சாக்கடைத் தண்ணீர் பின்கதவு வழியாக வந்தது, மேலே பதினோரு ஓட்டையிலிருந்தும் ஒழுகியது, நானும் உங்கள் தங்கையும் டிரங்குப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்து, அதன்மேல் நாங்கள் உட்கார்ந்து, ஒரு குடையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குடைக்குள்ளும் அவள் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சாம்ராஜ்தான் கடப்பாரையோடு இறங்கி, சாக்கடை மோரிக்குள்ளிருந்து ஆட்டுக்குட்டி சைசுக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டையை இழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்து, “யண்ணா, இதுக்குத்தான் தடை போடுறாங்களோ?” என்றான். நம்மையே அடைக்கவைத்து, நம் வாயாலேயே அப்படிச் சொல்லவைப்பதுதான் அவர்கள் திட்டம் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் காலைக் கழுவப் போய்விட்டான்.

நேற்றுப் பள்ளிக்கூட மைதானத்தில் அபிப்பிராயக் கூட்டம். கறிக்கடைக்காரர் எழுந்து, கவர் இல்லாமல் ஈரலை வாழையிலையில் கட்டினால் பஸ்ஸில் பக்கத்து ஆள் வேட்டி என்னாவது என்று கேட்டார். ஒரு டீச்சர், நாலு கவர் தின்று செத்த மாட்டைப் பற்றிச் சொன்னார். மாட்டுக்காரர் எழுந்து அது நாலு இல்லை, நாற்பது என்று திருத்தினார். துணிப்பை இலவசமாகக் கொடுத்தால் தடைக்கு ஆதரவு, இல்லாவிட்டால் எதிர்ப்பு என்று ஒருவர் பேரம் பேசினார். எல்லாரும் மேல்தட்டுச் சோற்றிலேயே இருக்கிறார்களே என்று பொறுக்காமல் நான் எழுந்து, “பை இருக்கட்டும்மா. எத்தினி வருசம் குடி கீறேன்னு இன்னாத்துக்கு எழுதற? சைன் இன்னாத்துக்கு? அத்த சொல்லு மொதல்ல” என்றேன். இசபெல்லா மைக்கை வாங்கி, “பெரியப்பா, எங்க நைனா கேரியர இருவது வருசத்துக்கு மேல தொறந்து பாத்தீங்களே, அவரு ஒரு நாளாச்சும் இன்னாத்துக்குன்னு கேட்டாரா?” என்றாள். மைதானமே சிரித்தது. சாம்ராஜ் விசில் அடித்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகி, உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது சரிதான் என்று வீடு வரும்வரை ஒரு பக்கம் தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தாள் பார்த்தீர்களா? அதுதான் என் சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது.

ஆகவே மச்சான், நான் கேட்பது ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போட்டால் வீடு போகுமா? போடாவிட்டால் போகுமா? இந்த ஓட்டைத் தகரத்தை விட்டால் எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. நான் போடப்போவதில்லை, லைனில் ஒருத்தரையும் போடவிடப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் பதில் வரும்வரை கதவைத் திறக்க மாட்டேன். அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்: எந்தப் பேப்பரையும் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற புத்தியும், மழை ஒழுகாத கூரையும், நீண்ட ஆயுளும் கிடைத்து நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள,
பெருமாள்

பின்குறிப்பு: இதைக் கவரில் போட்டு ஒட்டுவதற்குள், இன்று திங்கட்கிழமை காலை, இசபெல்லா தனியாக வந்தாள். கடைசி நாளாம். இந்தத் தரம் மரியாதை கிரியாதை ஒன்றும் இல்லை. “சோதிக்கிற ஆளுதானே நீ, இந்தா நல்லா சோதி” என்று ரெஜிஸ்டரை என் மடியில் போட்டாள். அதில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. திறந்தால், மேலே வட்டமாக நகரசபை சீல். கீழே அவளே எழுதியிருந்த வரி: பெருமாள், வீட்டு எண் 14, 31 வருஷம், இருவர். அந்த வரியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மச்சான், என் பெயரும் இந்த வீட்டு எண்ணும் ஒரே வரியில் இருக்கிற பேப்பர் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. ரேஷன் கார்டில் பழைய லைன் விலாசம். வோட்டர் லிஸ்டில் நான் பெருமாளம்மா, வயது 23, வீட்டு எண் 41. கம்பெனிச் சீட்டு ஆபீஸ் பீரோவில், ஆபீசுக்குப் பூட்டு. “இந்தக் கட்டமெல்லாம் யாரு போட்டது?” என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, “நாந்தான் பெரியப்பா. இந்த லைன்ல யாரு கீறாங்கன்னு எங்கியும் ஒரு லிஸ்ட் கெடையாது. வூட்டுக்குன்னு கேட்டா யாரு சீல் குத்துவாங்க? பிளாஸ்டிக்குன்னதும் பேசாம குத்திட்டாங்க. நாளைக்கு எவனாச்சும் காலி பண்ணுன்னு வந்தா, காட்ட ஒரு காகிதம் வேணாமா? அத்த மைக்ல சொல்ல முடியுமா?” என்றாள். அவள் அப்பனைத் தடவிப் பார்த்த கையால் கையெழுத்துப் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புளியங்கொட்டைக் கட்டத்தில் ‘தடை வேண்டும்’ என்று எழுதி, போதாது என்று பட்டு ‘உடனே’ என்றும் சேர்த்தேன். பிறகு நானே வீடு வீடாகப் போய் எல்லாரையும் இழுத்து வந்தேன். இருபது வீட்டிலிருந்து இதுவரை அறுபத்து மூன்று அபிப்பிராயம், அத்தனையும் தடைக்கு ஆதரவு. சாம்ராஜ் மட்டும் மூன்று தரம் போட்டிருக்கிறான். ஜெராக்ஸ் எடுத்து, நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், அந்தப் பெண்ணுக்கு ஆபத்து வரக்கூடாது. ஆனால் பதில் மட்டும் கட்டாயம் போடுங்கள். கவரின்மேல் என் பெயரையும் பதினாலாம் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள், இந்த விலாசத்துக்கு எனக்குத் தபால் வந்தது என்று சீல் விழ வேண்டும். வாரம் ஒன்று போட்டால் நல்லது. எழுத விஷயம் இல்லையென்றால் வெறும் தாளை மடித்துப் போட்டு அனுப்புங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.