மேடை ஓரத்தில் இரண்டாவது மைக்

அரைகுறையாக வேலை செய்பவர்களால் வரும் ஆபத்து சிறியது. எதையும் முழுதாகச் செய்தே தீருவேன் என்பவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை. (வீட்டுக் கொடியில் துணி காய்வதுகூட அளவு வாரியாகத்தான்.)

என் மகள் கோமதி புதுச்சேரியில் நாடகம் படித்தவள். இத்தாலிய நாடகக் குழு ஒன்றைச் சங்கரன்கோவிலுக்கு அழைத்து வந்தாள். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாட்டு நடிகர்கள் தோல் முகமூடியை மாட்டிக்கொண்டு, பிரான்சு, ஸ்பெயின் என்று பாஷை தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்ச் சிரிக்கவைத்தே பிழைத்தார்களாம். அந்தப் பாணி நாடகம். இங்கே ஆட்டம் எடுபட்டால் கோமதியையும் குழுவில் சேர்த்துக்கொள்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார்.

"பேசுறது நம்ம சனங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றேன்.

"யப்பா, அவங்க உடம்பாலயே பேசிருவாங்க. நீங்க முன்வரிசையில உக்காந்து சிரிச்சாப் போதும்."

வெறுமனே சிரிப்பதா? அவளுக்குத் தெரியாமல் ஆங்கிலப் பிரதியை வாங்கி, முழுவதையும் தமிழாக்கினேன். வேலைக்காரன் 'பசிக்கிறது' என்னும் இடத்தில் 'பசிப்பிணி என்னை வாட்டுகிறது' என்று போட்டேன். (இன்றைக்கும் எனக்கு அந்த வரி பிடிக்கும்.) மைக்செட்காரரிடம் சொல்லி மேடை ஓரத்தில் இன்னொரு மைக் வைத்தேன். தேர்தல் கூட்டத்தில் டெல்லித் தலைவர் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்வாரே, எனக்குத் தெரிந்த முறை அதுதான். அவர் சொல்லி முடிக்கும்வரை தலைவர் காத்திருக்க வேண்டும்.

கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம். தறி ஓட்டுகிறவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வேலைக்காரனாக நடித்தவர் குழுத் தலைவரேதான். முதலாளியின் தட்டிலிருந்து மீனைத் திருடி, தொப்பியைத் தூக்கினார். நான் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன். ஒற்றைக்காலில் அப்படியே நின்றார்.

"இப்போது இவர் மீனைத் தொப்பிக்குள் ஒளிக்கப்போகிறார்," என்று மைக்கில் அறிவித்தேன்.

பிறகு அவர் ஒளித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, எங்களுக்குக் கண்ணு தெரியுதுல்லா?" என்றது ஒரு குரல்.

"வே, தள்ளியாவது நில்லும், மறைக்குது!" என்றது இன்னொன்று.

திரைக்குப் பின்னாலிருந்து கோமதி கண் கலங்கக் கெஞ்சினாள். "யப்பா, இறங்குங்க. என் சோலியே முடிஞ்சிரும்."

பாதி மொழிபெயர்ப்பில் எப்படி இறங்குவது? அடுத்த வசனத்துக்கும் கையைக் காட்டினேன்.

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த தட்டைக் கம்பை உருவினார். இரண்டு பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கம்பு அது. சத்தம் பெரிதாக வரும், வலிக்காது. என் பின்பக்கத்தில் படாரென்று ஒரு போடு போட்டார்.

எடுத்த வேலையை நான் விடுவேனா?

"இப்போது என்னை அடிக்கிறார்," என்றேன் மைக்கில்.

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. இன்னொரு படார்.

"மறுபடியும் அடிக்கிறார்."

மைக்கோடு ஓடினேன். வயர் என் பின்னால் வந்தது; அவரும் வந்தார். "நான் ஓடுகிறேன்!" என்று அதையும் சொன்னேன். கையைக் காட்டினால் ஒற்றைக்காலில் நின்றார், இறக்கினால் துரத்தினார்.

"ஏட்டி, என்னால முடியலட்டி!" என்று முன்வரிசையில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதுவரை என்னைத் தெரியாதவள்போல் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்த என் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் என்னைக் கட்டிப்பிடித்தார். கோமதியிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

போன மாதம் பிரான்சிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். ஏதோ ஒரு ஊர்ச் சந்தைத் திடல். பெரிய மூக்கு வைத்த புது முகமூடியோடு கோமதி மேடை ஓரத்தில் உள்ளங்கையைக் காட்டி நிற்கிறாள். படார் என்று அடி விழுகிறது. "இப்போது என்னை அடிக்கிறார்" என்று தமிழிலேயே சொல்கிறாள். தமிழே தெரியாத அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"மூக்குதான் சின்னதாப் போச்சு," என்றாள் என் மனைவி, என் மூக்கைப் பார்த்து.

இப்போதெல்லாம் நான் வாயைத் திறக்குமுன்பே அவள் உள்ளங்கையைக் காட்டி, அடுப்பைப் பார்த்து அறிவிக்கிறாள்: "இப்போது இவர் காபி கேட்கப்போகிறார்."