அப்பா சொன்ன காரணமும் உலகக் கால்பந்துச் சட்டமும்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். பெரியம்மாவின் முழங்கால் இப்போது படியேற ஒத்துழைக்கிறதா? இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் உலகச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனில் எனக்கு வாய் வராது என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். பள்ளியை விட்டபின் அப்பா வேலை பார்க்கும் பேக்கரியிலேயே கேக் பெட்டி மடிக்கிறேன், சாயங்காலம் பெண்கள் கால்பந்துக் கிளப்பில் கோல் காக்கிறேன். அந்த இடம் எனக்குப் பிடிக்கும். அங்கே நின்றால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், பந்து மட்டும்தான் வரும். இந்தப் பருவப் போட்டிகளில் என்னை இறக்கலாம் என்று கோச்சம்மா சொன்னார். ஆனால் நான் வேறு நாட்டுக்காரி, பதினெட்டும் ஆகவில்லை. சின்னப் பிள்ளைகளை ஆசை காட்டி நாடு விட்டு நாடு கூட்டி வந்து நடுத்தெருவில் விட்டுவிடுகிறார்களாம், அதைத் தடுக்க எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம். பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிவந்திருந்தால் பிள்ளை ஆடலாம், பந்துக்காகவே வந்திருந்தால் ஆடக்கூடாது.

நமக்குத் தோதான சட்டம்தான். நாங்கள் வந்தது ரொட்டி சுட. அதைச் சொல்ல அப்பாவையும் அம்மாவையும் கிளப்புக்குக் கூட்டிப் போனேன். மேலாளர் கேட்டதை மொழிபெயர்க்க ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஊருக்கு எதுக்காக வந்தீங்க?"

வீட்டில் தினமும் "பந்து சோறு போடுமா?" என்று கேட்கிற அதே அப்பா, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாம் எம் பொண்ணோட பந்துக்காகத்தாங்க! வேற எதுக்கு?" என்றார்.

அம்மா மேசைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினார்.

"ஏன் கிள்ளுற? நல்லதைத்தானே சொல்றேன்!"

அந்த அக்கா நேர்மையானவர், கிள்ளியதையும் மொழிபெயர்த்துவிட்டார். மேலாளர் பேனாவை மூடினார். அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, எனக்குச் சீட்டு உறுதியான மாதிரி எல்லோருக்கும் பன் கொடுத்தார். வெளியே வந்து அம்மா விளக்கிச் சொன்னதும் முகம் செத்துப்போய், "பொண்ணைப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை சொன்னா அதுக்கும் சட்டமா?" என்றார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

பெரியப்பா, இந்த வேலையைத் தேடிக் கொடுத்தது நீங்கள். "என் தம்பி அடுப்பு வேலைக்காகத்தான் அங்கே போனான்" என்று கிளப்புக்கு எழுதுங்கள். அந்தக் கடிதம் போனால் நான் ஆடலாம், போகாவிட்டால் இந்தப் பருவம் முழுக்க ஓரத்தில் உட்கார வேண்டியதுதான்.

பெரியம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு: உறை ஒட்டுமுன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "அண்ணன் ரெண்டு ஊர்ல வேலை பாத்து வெச்சாரு. இன்னொரு ஊர்ல தங்க வீடே குடுத்தாங்க. ஆனா பொண்ணுங்க டீம் இங்கதான் இருந்துச்சு" என்றார். ஆகவே நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், அப்பா சொன்னதுதான் நிஜம். பதினெட்டு ஆகும்வரை பயிற்சி மட்டும் செய்கிறேன், எனக்கு வருத்தமில்லை. ஒரே ஓர் உதவி: இதையெல்லாம் இன்னும் விளக்கமாகச் சொல்ல அடுத்த மாதம் கிளப்புக்குப் போகிறேன் என்கிறார். அவரைத் தடுக்க உடனே ஒரு போன் போடுங்கள்.