குப்புராஜ் தூக்கிட்டுப் போன பூசணிக்காய்

காலேஜ் கேன்டீன்ல, அத்தனை பேர் எதிர்ல, மேஜையத் தட்டிச் சொல்லிட்டேன். "இந்த எலெக்‌ஷன்ல குப்புராஜ் ஜெயிக்கலேன்னா நான் மீசைய எடுத்துடறேன்!"

கோபத்துல சொன்னது. எனக்கு எல்லாமே கோபத்துலதான் வரும். எம்.ஏ. படிக்கிறேன். கல்யாணமும் ஆயிடுச்சு. சம்பாதிக்கிறது டீச்சர் வேலை பாக்கற என் பெண்டாட்டி மெட்டில்டா. கோபம் வராம என்ன வரும்?

குப்புராஜ் சுயேச்சை. பம்ப் மெக்கானிக். யோக்கியன். எதிர்ல நிக்கிற முனிரத்தினம், இந்த அரிசிப் பஞ்சத்துல மூட்டை மூட்டையா பதுக்கினவன். தாம்பரம் பிளாட்பாரத்துக்கே தெரியும். ஆனா எங்க சர்ச் லேடீஸ் ஓட்டு, மாதர் சங்க செக்ரட்டரி கை காட்டற ஆளுக்குத்தான். செக்ரட்டரி யாரு? மெட்டில்டா.

"குப்புராஜுக்கு ஒரு வார்த்தை சொல்லேன், மெட்டில்டா."

"தெருமுனை அடிபம்பு போன கோடைலேர்ந்து ரிப்பேர். ரயில்வே லைன் தாண்டிப் போய்த் தண்ணி தூக்கறேன். அதுக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நாங்க நாட்டையே மாத்தப் போறோம்! நீ பம்பைப் புடிச்சுத் தொங்கறே!"

"தொங்கினாலும் தண்ணி வரலீங்க. அதான் சொல்றேன்."

நான் வேற திட்டம் போட்டேன். மழையால தள்ளிப்போன அறுப்புப் பண்டிகை ஏலம், அதாவது சர்ச்சுக்குக் காணிக்கையா வந்த காய்கறியை ஏலம் விடறது, அந்த ஞாயித்துக்கிழமை. முதல் பூசணிக்காயை குப்புராஜ் எடுத்தா லேடீஸ் உருகிடுவாங்க.

அதுல ஒரு வழக்கம் இருக்கு. முதல் காயை எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். திருப்பிக் குடுப்பார். மறுபடி ஏலம். இப்படியே கை மாறி, கடைசில ஏழைங்க சாப்பாட்டுக்குப் போகும்.

"அவருக்கு அது தெரியுமாங்க?"ன்னு கேட்டா மெட்டில்டா.

"சட்டசபைக்குப் போறவருக்குப் பூசணிக்காய் தெரியாதா?"

ஏலம் கூவினது மெட்டில்டாதான். குப்புராஜ் கேட்ட தொகைக்கு ஒரே கைதட்டல். நான் உடனே வாசல்ல நின்னு ஜனநாயகத்தைப் பத்தி லெக்சர் ஆரம்பிச்சேன். திரும்பிப் பாக்கறேன், குப்புராஜ் வேன்ல உக்காந்து கும்பிடு போட்டுட்டுப் போறார். மடியில பூசணிக்காய்!

சாயங்காலத்துக்குள்ள நாறிடுச்சு. "கோயில் பூசணிய தூக்கினு பூட்டான்பா!" பல்லாவரத்துல அது ரெண்டு பூசணி. வண்டலூர் போறதுக்குள்ள ஆறு பூசணி, ஒரு கோழி. அரிசி பதுக்கினவனை ஒரு பய கேக்கல!

"மெட்டில்டா! என் மீசை!"

"பதறாதீங்க. அவர் சம்சாரத்தோட வந்து சங்கத்துல மன்னிப்புக் கேக்கட்டும். அப்படியே அந்த பம்பையும் பாக்கட்டும். மெக்கானிக்தானே?"

குப்புராஜ் வீட்டுக்குச் சைக்கிளை மிதிச்சேன். மறுநாளே வந்துட்டார், சம்சாரம் அம்மணியோட. கையைக் கூப்பி ஆரம்பிச்சார். "அம்மா, அன்னிக்கு நீங்கதானே..."

"மொதல்ல பம்பு, சார்"னா மெட்டில்டா.

மனுஷன் சட்டையைக் கழட்டிட்டு பனியனோட சேத்துல உக்காந்தார். கொஞ்ச நேரத்துல தண்ணி பீச்சி அடிச்சுது. குடத்தோட நின்ன சங்கத்தைப் பாத்து மெட்டில்டா சொன்னா: "தப்புன்னா வந்து நிக்கறாரு. வேலையும் தெரியுது. வேற என்ன வேணும்?"

குப்புராஜ் ஜெயிச்சார். மீசை பொழைச்சுது. மாலையோட அவர் வீட்டுக்கு ஓடினேன். அம்மணியக்கா என்னை ஓரமாக் கூப்பிட்டாங்க.

"ஏன் தம்பி, உங்க வூட்டம்மாதானே அன்னிக்கு பூசணிய வேன்ல வச்சு, 'எடுத்துனு போங்க சார், உங்களுக்குத்தான்'னாங்களாம். அப்பால அவங்களே மன்னிப்பு கேக்கச் சொல்லிட்டாங்களே?"

வீட்டுக்குப் பறந்தேன். "நீயா?"

"நான்தான். நீங்க ஊரெல்லாம் கத்தினீங்க, பம்பு அசையல. நான் ஒரு காயை நகத்தினேன்."

"அவர் தோத்திருந்தா?"

"தோத்திருந்தாலும் பம்பு ஓடுமே."

"என் மீசை?"

"அது திரும்ப வளருங்க. இந்தாங்க குடம்."

இப்ப எங்க தெருவுல தண்ணிக்குப் பஞ்சமே இல்லை. அடிக்கிறது நான்.