கொலைகாரன் ஊரில் எவடம்?

ரொறன்ரோ என்று ஒரே ஒரு ஊராம். அந்த ஒரு ஊருக்குள்ளே எண்ணி முடியாத ஊர்ச் சங்கங்களாம். பனங்கரை மக்கள் ஒன்றியம் இருந்தது. அதிலிருந்து சண்டை பிடித்துப் பிரிந்த பனங்கரை மக்கள் ஐக்கிய ஒன்றியமும் இருந்தது. இரண்டும் கோடையில் ஒரே பூங்காவில், வேறுவேறு ஞாயிறுகளில், ஒரே கடைக் கொத்துரொட்டியோடு ஒன்றுகூடின.

அங்கே செல்வரட்ணம் என்றொரு மர்ம நாவலாசிரியர் இருந்தார். அஜக்ஸில் வீடு. ரயிலில் வேலைக்குப் போய்வரும் நேரத்தில் ஆட்களைக் கொல்லுவார். அவருக்கு ரசிகர்கள் ஏராளம். அவர்களுள் நாவல்களை வாசித்தவள் றஜிதா.

றஜிதா பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். இங்கே பிறந்த பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், பாடப்புத்தகத்துக்குள் செல்வரட்ணத்தை ஒளித்து வாசித்துத்தான் அவளுக்குத் தமிழ் வந்தது. 'தடயம்', 'பிரேதப் பரிசோதனை' எல்லாம் பிழையில்லாமல் எழுதுவாள். 'கத்தரிக்காய்' என்று எழுதத்தான் கொஞ்சம் யோசிப்பாள்.

அவருடைய புதிய நாவல், ஸ்ரௌவ்வில் என்ற புறநகரை வைத்து எழுதிய 'ஸ்ரௌவ்வில் சடலம்'. வெளியீட்டு விழாவில் நயவுரை றஜிதா என்று முடிவாகி, புத்தகம் முன்கூட்டியே அவள் கைக்கு வந்தது. முதல் முந்நூறு பக்கங்களுக்காக இறங்கவேண்டிய பஸ் தரிப்பை இரண்டு முறை தவறவிட்டாள். கடைசிப் பத்துப் பக்கங்களை வாசித்தபோது, பஸ்ஸில் ஏறியதே பிழை என்று இருந்தது.

கதை இதுதான். புது வீட்டின் நிலக்கீழ் அறையில், வீடு விற்கும் முகவர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். தேத்தண்ணிக்குள் எலிமருந்து. கொன்றது யார்? ஒரு றக்கூன்; இரவில் குப்பைத்தொட்டி கிளறும் அந்த நாட்டுக் காட்டு விலங்கு. கராஜ் வழியாக வந்து, மருந்தைக் கலக்கி, கதவைப் பூட்டி, திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைத்து, கையையும் கழுவிவிட்டுப் போயிற்றாம்.

விழா நாளன்று மண்டபத்துக்கு நேரத்தோடே போனாள். அங்கே செல்வரட்ணம் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உதென்ன முடிவு?"

செல்வரட்ணம் நிமிரவில்லை. "சபையைக் கேள், பிள்ளை."

கற்பனைப் பாத்திரங்களின் பூர்வீக நல்லிணக்கச் சபை முன்வரிசையில் வீற்றிருந்தது. அதாவது, தலைவர் சிவபாதமும் செயலாளர் கமலாம்பிகையும். கதைகளில் வருபவர்களால் எந்த ஊருக்கும் மனம் நோகாமல் பார்ப்பது அதன் வேலை. சங்கங்கள் வராவிட்டால் மண்டபம் நிறையாது. சபை தலையாட்டாவிட்டால் சங்கங்கள் வராது.

"ஊரில நீங்கள் எவடம், பிள்ளை?" என்று தொடங்கினார் கமலாம்பிகை.

"நான் இங்கை பிறந்தனான், அன்ரி."

"அது ஆஸ்பத்திரி. நான் ஊரைக் கேட்டன்."

"அப்பா சிப்பித்துறை. நான் ஒருநாளும் போகேல்லை. அன்ரி, எனக்கு உண்மையான கொலைகாரன் ஆரெண்டு தெரியவேணும்."

சிவபாதம் தொண்டையைச் செருமினார். "முதல் எழுதினதிலை கொலைகாரன் ஒரு கணக்காளர். பனங்கரை ஆள். நாங்கள் அச்சுறுத்தேல்லை. பண்பாக ஒரு வேண்டுகோள்தான் விட்டனாங்கள், ஆளை வேறை ஊருக்கு மாத்துங்கோ எண்டு."

"மாத்தினாரோ?"

"புளியங்கண்டலுக்கு மாத்தினார். அந்த ஊராக்கள் விடுவினமோ? கண்டனக் கூட்டம் வைச்சு, வடையும் குடுத்தவை."

"ஊரே இல்லாத ஆளாக்கியிருக்கலாமே, அங்கிள்?"

"ஆக்கினவர்," என்றார் கமலாம்பிகை. "ஆனா அவன் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலை படிச்சிருப்பானெல்லோ? பழைய மாணவர் சங்கங்கள் பாத்துக்கொண்டிருக்குமோ?"

"படிக்காத ஆளெண்டால்?"

"படிக்காதவன் எலிமருந்துப் பெட்டியை எப்பிடி வாசிப்பான்? கதையிலை ஒரு தர்க்கம் வேணும், பிள்ளை."

"றக்கூன் வாசிக்குமோ, அன்ரி?"

"றக்கூனுக்குச் சங்கம் இல்லை."

றஜிதா தெரியாத்தனமாகக் கேட்டாள். "அப்ப செத்தவர் எவடம்?"

"பனங்கரை!" என்று எழும்பினார் சிவபாதம். "தங்கமான மனுசன்."

"ஆர் சொன்னது?" என்று கமலாம்பிகையும் எழும்பினார். "பிறந்ததுதான் பனங்கரை. அவரை மனுசனாக்கினது எங்கட பள்ளிக்கூடம்!"

சடலத்துக்காக நடந்த இழுபறி, தமிழ்த்தாய் வாழ்த்துத் தொடங்கியபோதுதான் நின்றது. மூன்றாம் அத்தியாயம் முழுவதும் ஏன் செத்தவரின் பரம்பரை வரலாறாக இருக்கிறது என்பது அப்போதுதான் றஜிதாவுக்கு விளங்கியது.

ஆசியுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் கழிந்து அவளுடைய முறை வந்தது. எழுதிக்கொண்டு வந்த புகழ்ச்சியை மடித்து வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"இவர்தான் எனக்குத் தமிழ் படிப்பிச்சவர். அதாலை பொய் சொல்ல ஏலாது. முந்நூறு பக்கம் சிங்கம் மாதிரி வந்தார். கடைசியிலை ஒரு றக்கூனுக்குப் பின்னாலை ஒளிச்சிட்டார். ஒரு கொலைகாரனுக்கு ஊர் வைக்கப் பயப்பிடுற சனத்துக்கு நாவல் எதுக்கு?"

மண்டபம் அதிரக் கைதட்டியது. "மிக ஆழமான நயவுரை" என்று சிவபாதம் பொன்னாடை போர்த்தினார். பின்வரிசைக்குச் சுடச்சுட ரோல்ஸ் தட்டு வந்துவிட்டதால் மீண்டும் ஒருமுறை கைதட்டினார்கள்.

எல்லோரும் போனபின், கார் நிறுத்துமிடத்தில் செல்வரட்ணம் மிஞ்சிய புத்தகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு காலத்திலை என்னை வாசிச்சுப்போட்டுப் பேசினது நீ ஒருத்திதான், பிள்ளை. உனக்கு மட்டும் சொல்லுறன். கணக்காளரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. என்ரை மனசிலை தொடக்கத்திலிருந்தே கொன்றது ஒரு பொம்பிளை."

"பொம்பிளையோ!" றஜிதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பழைய செல்வரட்ணம் திரும்பி வந்துவிட்டார்.

"கெட்டிக்காரி. இங்கை பிறந்தவள். எல்லாரோடையும் சிரிச்சுக் கதைப்பாள். ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். நீ ஓமெண்டால் அடுத்த பதிப்பிலை அப்பிடியே போடுறன். ஆர் என்ன சொன்னாலும் சரி."

"போடுங்கோ அண்ணை, போடுங்கோ!" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "ஊரில அவ எவடம்?" என்று கேட்டாள்.

"தகப்பன் சிப்பித்துறை."

றஜிதா பொன்னாடையின் கரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு கார் வந்து, திரும்பி, போனது.

"சிப்பித்துறையிலை உப்பிடி ஆக்கள் இல்லை, அண்ணை."

"நீ அங்கை போனதே இல்லையே, பிள்ளை."

"போகாட்டில்? எங்கட ஆக்களை எனக்குத் தெரியாதோ?" பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "யோசிச்சுப் பாத்தால், கொலை செய்ய றக்கூனுக்குத்தான் சரியான காரணம் இருக்கு. காட்டை வெட்டி அந்த வீட்டைக் கட்டினது அதின்ரை ஊரிலை எல்லோ?"

சொல்லிவிட்டு அவள் பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.