மூன்று நிமிஷத் திமிங்கலம்

திமிங்கல ஒலி ஆய்வு மையத்தைக் கடலே இல்லாத திருப்பதியில் ஏன் வைத்தார்கள் என்று கேட்கிறவர்களுக்குப் பூகோளம் தெரிந்திருக்கும், சர்க்கார் தெரிந்திருக்காது. கடலோரத்தில் வைத்தால் மேற்பார்வைக் குழு வருமா? வந்தாலும் குடும்பத்தோடு வருமா? திருப்பதியில் வைத்த நாள் முதல் இதைப்போல் அடிக்கடி மேற்பார்வை செய்யப்பட்ட மையம் நாட்டில் இன்னொன்று கிடையாது. சனி, ஞாயிறு என்றுகூடப் பார்க்காமல் அதிகாரிகள் வந்து உழைத்தார்கள். சொல்லப்போனால் சனி, ஞாயிறுதான் வந்தார்கள்.

மையத்தின் ஒரே விஞ்ஞானி கோவர்த்தனன், நகரிக்காரர். எங்கோ கிழக்கே கடலுக்கடியில் ஒரு பதிவுக் கருவியை இறக்கியிருந்தார்கள். படகுக்காரர்கள் அவ்வப்போது அதைத் தூக்கி, பதிந்த சத்தத்தை எடுத்து அனுப்புவார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, கப்பல் எது, திமிங்கலம் எது என்று பிரிப்பது அவர் உத்தியோகம். ஆனால் ஹெட்போன் மாட்டினால் போன் மணி கேட்காது. போன் மணி கேட்காவிட்டால், இணைச் செயலாளரின் மாமியாருக்கு மலைமேலே ரூம் கிடைத்ததா இல்லையா என்று யார் பதில் சொல்வது? ஆகவே ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வார். இடது காது கடலுக்கு, வலது காது மலைக்கு.

ஆண்டறிக்கையின் அட்டையில் குழுவினர் எல்லாரும் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வரிசையாக நின்றார்கள். ‘கடலாய்வில் தம்மை முழுமையாக அர்ப்பணித்துக்கொண்டோர்’ என்று கீழே அச்சிட்டிருந்தது. முடி போனது உண்மைதான், பொய் சொல்லக்கூடாது.

இப்படி இருக்கையில் ஒருநாள் இடது காதில் திமிங்கலம் கேட்டது. அதன் குரல் அவ்வளவு தாழ்ந்தது, பதிவின் வேகத்தைக் கூட்டினால்தான் மனுஷக் காதுக்கு எட்டும். பக்கத்துத் தெருவில் யாரோ இரும்பு பீரோவை மெல்ல இழுக்கிற மாதிரி ஒரு முனகல். நின்றது. மறுபடி வந்தது. இத்தனை காலம் கப்பல் இரைச்சலையே கேட்டுச் சலித்த கோவர்த்தனனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வலது காதையும் மூடிக்கொண்டு கேட்டார். மூன்று நிமிஷம். அதற்குள் ஏழு மிஸ்டு கால்.

வீட்டுக்கு ஓடினார். “காஞ்சனா! கெடைச்சிடுச்சு!”

“எத்தினி பேருக்கு?” என்றாள் மனைவி.

திமிங்கலத்துக்கு வந்த கண்டம் வேறு. கருவியைக் கடலில் வைத்திருக்க அனுமதி அந்த மாசத்தோடு முடிகிறது. குழுத் தலைவர் ஜெகநாதன் பதிவைத் தம் காதால் கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் நீட்டிப்பு. இல்லாவிட்டால் கருவியைக் கரையேற்றிவிடுவார்கள். அப்புறம் அந்த ஜீவன் தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்க நாதியில்லை. தலைவரும் வராமலில்லை. முதல் தடவை மேலே போகிற அவசரம். இரண்டாம் தடவை கீழே இறங்கிய களைப்பு. மூன்றாம் தடவை மனைவி சுலோச்சனாவோடு வந்து இறங்கியபோது, கோவர்த்தனன் பிறவியிலேயே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தரிசனச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹெட்போனை நீட்டினார்.

“சீட்டு எங்கேய்யா?”

“இருக்குது சார். மொதல்ல மூணே மூணு நிமிஷம் இதைக் கேட்டுடுங்க.”

“என்ன, மிரட்டுறியா?”

“ஐயோ, இல்ல சார். மேற்பார்வைக்கு வர்றதா டூர் ஆர்டர்ல போட்டுக்குது. அதான்…”

வாசலிலிருந்து டிரைவர் கங்கையா, “சார், டைம் அயிபோத்துந்தி!” என்று வாட்சைத் தட்டிக் காட்டினார்.

“மூணு நிமிஷம்தானே, கேட்டுத் தொலைங்களேன்” என்றாள் சுலோச்சனா. “எப்படியும் அங்க போய் நிக்கத்தானே போறோம்.”

ஜெகநாதன் மாட்டிக்கொண்டார். முதல் நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் நிமிஷம் சுவரைப் பார்த்தார். மூன்றாம் நிமிஷம் கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று கோவர்த்தனன் பதறினார். கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது.

“இது உயிரோட இருக்கா?”

“இருக்குது சார்.”

“யாரைய்யா கூப்பிடுது?”

“தெரியல சார். அதைத் தெரிஞ்சிக்கினு சொல்லத்தான் நானு சம்பளம் வாங்கறேன்.”

“இப்படி ஒரு ஜீவனை வெச்சுக்கிட்டு, இங்க உக்காந்து ரூம் போட்டுக்கிட்டிருக்கியே, உனக்கு வெட்கமா இல்லே?” என்று தலைவர் மனம் நொந்து கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார், சீட்டை வாங்கிக்கொண்டார், மேலே போனார்.

பத்தே நாளில் ஆணை வந்தது. ‘மேற்பார்வையின் நலன் கருதி மையம் திருப்பதியிலேயே தொடரும். ஆய்வின் நலன் கருதி ஆய்வு மட்டும் கடற்கரைக்கு மாற்றப்படுகிறது.’ மையத்துக்கு அருள்குமார் என்ற புது ஆள். ஆய்வுக்குக் கோவர்த்தனன்.

கடற்கரையில் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் ஓர் அறை. கருவியிலிருந்து நேராக அறைக்கே, மனுஷக் காதுக்கு எட்டுகிற அளவுக்கு உயர்த்தி, சத்தம் வர ஏற்பாடு. இரண்டு காதிலும் ஹெட்போன். சொர்க்கம் என்றால் இதுதான் என்று கோவர்த்தனன் நினைத்தார். கொஞ்ச நாள் நினைத்தார். அப்புறம் போன் ரிப்பேரோ என்று சந்தேகம் வந்தது. டீக்கடைக்காரரை ஒரு கால் போடச் சொன்னார். மணி நன்றாகத்தான் அடித்தது.

“முன்னெல்லாம் கல்யாணத்துல நம்மள மொத வரிசையில குந்த வெச்சாங்க” என்றாள் காஞ்சனா. “புத்தூர்ல நேத்து எல போடறவன்கூட கண்டுக்கல. அந்தத் திமிங்கலத்துக்காவது உங்களைத் தெரியுமா?”

கோவர்த்தனனுக்குச் சுருக்கென்றது. அன்று சாயந்தரமே தலைவருக்குப் போன் போட்டார். “ஒண்ணுமில்ல சார். புரட்டாசி வருது. மேலே ஏதாவது வேணுமா இருக்குமோன்னு…”

“அதெல்லாம் அருள்குமார் பார்த்துக்கறான். திமிங்கலம் எப்படியிருக்கு?”

உத்தியோகத்துக்கு வந்த நாளாய் எந்த அதிகாரியும் கேட்காத கேள்வி. “இருக்குது சார்” என்றார் கோவர்த்தனன், முகம் செத்துப்போய்.

அந்த வாரமே அருள்குமாருக்கு அம்மை போட்டது. ஜெகநாதனே கூப்பிட்டார். “கோவர்த்தன், நம்ம சம்பந்தி வீட்டு ஆளுங்க, ஆறு பேர்…” அவர் முடிப்பதற்குள், “லட்டு எத்தினி சார்?” என்று கேட்டாகிவிட்டது. குரலில் அப்படி ஒரு தெம்பு. ஹெட்போனை மேஜையில் கழற்றி வைத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, மலையடிவாரத்து அலிபிரியில் போய் இறங்கினார்.

அறையில், மேஜைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் பக்கத்துத் தெருவில் யாரோ பீரோவை இழுத்தார்கள். நின்றது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் தள்ளி இன்னொரு தெருவில், இன்னொருவர் பதிலுக்கு இழுத்தார்.

இந்த மனுஷரை நன்றாக நாலு வார்த்தை திட்டி முடிக்க வேண்டும் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். ஆனால் தை மாசம் பேரனுக்கு மொட்டை போட வேண்டியிருக்கிறது. நாங்கள் பதினோரு பேர். அதனால் சொல்கிறேன், கோவர்த்தனன் ரொம்ப நல்லவர், திமிங்கலம் இன்னொரு நாள் கூப்பிட்டுக்கொள்ளும்.