வண்டி மேல ஒரு பிராது

விருத்தாம்பாளுக்கு டிரைவிங் லைசென்ஸ் தபாலில் வந்த அன்றைக்கே பழமலைநாதன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். உயிரே போனாலும் காரின் ஸ்டீயரிங்கை அவள் கையில் கொடுப்பதில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அவளை அனுப்பியவரே அவர்தான் என்பது வேறு விஷயம். மூன்றாம் நாளே அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவாள், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டிச் சிரிக்கலாம் என்று ஆசைப்பட்டு அனுப்பினார். அந்த மகராசி முதல் தடவையிலேயே பாஸாகிவிட்டாள். ஊர்ச் சாமியின் பேர் அவருக்கு, அம்மன் பேர் அவளுக்கு என்பதால் ஜாதகமே பார்க்காமல் கட்டிவைத்த கல்யாணம் அது. கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

பழமலைநாதனுக்குப் பயம் காரைப் பற்றி இல்லை, டீக்கடையைப் பற்றி. பீங்கான் தொழிற்பேட்டையில், கரண்டு ஃபியூஸுக்குக் கட்டை செய்கிற கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். கூட வேலை பார்க்கும் தேவநாதன், பெண்டாட்டி ஸ்கூட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வருவார். "லக்கேஜு வந்து எறங்கிடுச்சுடா!" என்று பேட்டை வாசல் டீக்கடையில் முதல் குரல் கொடுத்தவர் நம்மாள். பேர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குத் தேவநாதன் என்று கேட்டால் டீக்கடைக்காரருக்கே தெரியாது. வீட்டிலிருந்து எங்கே கிளம்பினாலும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். விருத்தாம்பாள் ஓட்டி, தான் பக்கத்தில் உட்கார்ந்து போனால் அங்கே தனக்கு என்ன பேர் விழும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

கைகொடுத்தது மெக்கானிக் பாவாடை. கொடுத்தது அவனுக்கே தெரியாது. கொஞ்ச நாள் முன்னால் பழமலைநாதன் ரோட்டோரத்தில் ஒரு டூப்ளிகேட் சாவி வெட்டிக்கொண்டார். அந்தச் சாவிக்கு வண்டி ஓடவில்லை.

"பழைய வண்டின்னாலும் இதுல இம்மொபிலைசர் இருக்குதுண்ணே" என்றான் பாவாடை. "ஒரிஜினல் சாவித் தலைக்குள்ள உளுந்தாட்டம் ஒரு சிப்பு இருக்கும். அது இருந்தாதான் இன்ஜின் ஓடும். இந்த டூப்ளிகேட்டு கதவத் தொறக்கும், பூட்டும், அம்புட்டுதான். ஸ்டார்ட் பண்ணா ரெண்டு செகண்டுல செத்துடும். தூக்கிப் போடுங்க."

வேறு யாராவது என்றால் தூக்கிப் போட்டிருப்பார்கள். நம்மாள் அதைப் பெண்டாட்டிக்குப் பரிசாகக் கொடுத்தார்.

"இந்தா, உனக்குன்னு தனிச் சாவி!"

விருத்தாம்பாள் ஏறி உட்கார்ந்து திருப்பினாள். இன்ஜின் உர்ரென்று எழுந்து, உடனே அடங்கியது. சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

"என்னாங்க இது?"

"எறங்கு, நான் பாக்கறேன்." தன் சாவியைப் போட்டுத் திருப்பினார். வண்டி சமர்த்தாக ஓடியது. "இம்மொபிலைசர்னு ஒண்ணு இருக்குது. ஓட்டுறது யாருன்னு வண்டி பாக்கும். பழகாத ஆளுன்னா நின்னுடும்."

"இம்சைலைசரா? நாயாட்டமா?"

"நாயாட்டமேதான். மொதலாளிய மட்டும்தான் அண்டவுடும்."

விருத்தாம்பாள் பொம்மைக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். கை மயிரிழை பிசகினால் பொம்மைக்கு ஒன்றரைக் கண்ணாகிவிடும். அதனால் எதையும் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். புருஷன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நாய்னா சோறு வெச்சா பழகிடும்ல?" என்றாள்.

மறுநாளிலிருந்து வண்டிக்கு ராஜ உபசாரம். பெட்ரோலுக்குத் தன் காசைக் கொடுத்தாள். கழுவினாள். விபூதி பூசி, "என் ராசால்ல, எனக்கும் ஓடு கண்ணு" என்று பானெட்டைத் தடவிக் கொடுத்தாள். சாவியைத் திருப்பினால் ராசா ரெண்டு செகண்டில் செத்தார். பழமலைநாதன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைத் தினமும் ரசித்தார். ஓசியில் கார் கழுவ இப்படியொரு வழி இருப்பது தெரியாமல் இத்தனை காலம் வீணாகப் போனதே என்று அவருக்கு ஆற்றாமையாகக் கூட இருந்தது.

"ஏங்க, ஒரு தடவ உங்க சாவியப் போட்டுப் பாக்கட்டுமா?"

"அடி பைத்தியமே! சாவியில என்னா இருக்குது? எல்லாம் ஒரே இரும்புதான். கையிலதான் விஷயமே."

"எந்தச் சாவியா இருந்தாலும் ஒண்ணுதானா?"

"சத்தியமா!"

எதிர்வீட்டுக் கமலம் இந்தச் சத்தியத்தை வாசலில் நின்று முழுசாகக் கேட்டாள்.

"அப்போ மணவாளநல்லூருக்குப் போயி கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு வரேன்" என்றாள் விருத்தாம்பாள். காணாமல் போன மாட்டுக்கும், சொன்ன பேச்சு கேட்காத புருஷனுக்கும் அந்த முருகனிடம் காகிதத்தில் புகார் எழுதிக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

பழமலைநாதனுக்குக் குரல் இறங்கியது. "யார் மேல?"

"வண்டி மேலதாங்க. உங்க மேல கட்ட எனக்கென்னா கிறுக்கா?"

நிம்மதியாகப் போய் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தேவநாதன் மட்டும் கேட்டார்: "பிராது வண்டி மேலன்னா, சம்மன் யாருக்கு வரும்?"

வியாழக்கிழமை கோயிலிலிருந்து திரும்பிய விருத்தாம்பாள், தன் சாவியின் தலையில் மஞ்சள் துணி சுற்றிக் கொண்டுவந்தாள். "வேலுகிட்ட வெச்சு எடுத்தாந்தேன்" என்றாள். சுற்றட்டும், பாவம், என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை திட்டக்குடியில் அவள் தங்கை மகளுக்கு வளைகாப்பு. கமலமும் கூடக் கிளம்பியிருந்தாள். பழமலைநாதன் வெள்ளை வேட்டி சரசரக்க ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார். உர்ர்... செத்தது. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் செத்தது. சிவப்பு விளக்கு அவரைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

இறங்கி மறைவாகப் போய்ப் பாவாடைக்குப் போன் போட்டார்.

"சிப்பு இருக்குதான்னு பாருங்கண்ணே. நேத்து அக்காவும் வந்து, சாவித் தலைக்குள்ள என்னா இருக்குதுன்னு கேட்டாங்க. உங்களுக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் வெவரமா சொன்னேன்."

சாவித் தலையை நகத்தால் நெம்பித் திறந்தார். சிப்பு இருந்த இடத்தில், அச்சு அசலாக, ஒரு கருப்பு உளுந்து உட்கார்ந்திருந்தது.

"என்னாங்க தேடுறீங்க?"

"ஒ... ஒண்ணுமில்ல."

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

மஞ்சள் துணி சுற்றிய சாவியைப் போட்டுத் திருப்பினாள். வண்டி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"கொளஞ்சியப்பா! கேட்டுட்டியே!" என்று கமலம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாருண்ணே, வூட்டுல மொதலாளி யாருன்னு வண்டிக்குத் தெரிஞ்சிபோச்சி!"

பழமலைநாதன் வாயைத் திறந்தார். அந்தத் துணியை அவிழ்த்துக் காட்டு என்று கத்த வேண்டும் போல இருந்தது. சிப்பைக் காணோம் என்று சொன்னால், எந்தச் சிப்பு என்பாள் கமலம். எல்லாம் ஒரே இரும்பு என்று சத்தியம் செய்தவர், தான் செய்த திருட்டைச் சொல்லாமல் அவள் செய்த திருட்டைச் சொல்ல வழியே இல்லை. அதிலும் இப்போது கேஸில் முருகனும் சேர்ந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்து சீட்டின் கதவைத் திறக்கப் போனார். "பின்னாடி ஒக்காந்தா கமலத்துக்குத் தல சுத்தும்" என்றாள் விருத்தாம்பாள். வளையல் தட்டையும் பழக்கூடையையும் மடியில் வாங்கிக்கொண்டு அவர் பின்னால் ஏறினார்.

பேட்டை வாசல் வந்தது. டீக்கடையில் ஒருத்தர் பாக்கி இல்லை, எல்லோரும் இருந்தார்கள். பழமலைநாதன் கீழே விழாத செருப்பைத் தேடுகிறவராகக் குனிந்து, பழக்கூடைக்குப் பின்னால் பதுங்கினார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

கடைக்கு நேராக வந்ததும் விருத்தாம்பாள் வண்டியை நிதானமாக்கி, கண்ணாடியை இறக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஏங்க, நிமிந்து ஒக்காருங்க. யாரோ பழகாத ஆளுன்னு நெனச்சி வண்டி இங்கயே நின்னுடப் போவுது."